120 வினாடி வால்வு: மாதிரியில் விடுபட்ட வேக வரம்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவைப் பக்கம் இயங்கும் ஓர் உணவு பதப்படுத்தும் ஆலையில் நடந்தது இது. கட்டுப்பாட்டு வேலையை எடுத்துச் செய்த சிறு குழுவில் நானும் ஒருவன். ஆலையின் பெயரோ ஆட்களின் பெயரோ இங்கே வேண்டாம். பிழை எங்களுடையது. அதை எப்படிச் செய்தோம், எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதை முழுதாக எழுதி வைத்தால், இதே வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார அலைச்சலாவது மிச்சமாகும்.

அமைப்பு எளியது. சூடுநீர் நிற்கும் செங்குத்துக் கலம் ஒன்று, விட்டம் 80 செ.மீ. நீர்மட்டத்தை அளக்கும் உயரம் 600 மி.மீ. அந்த உயரத்துக்குள் அடங்கும் நீர் ஏறத்தாழ 300 லிட்டர்தான். மேலே ஒரு மின்மோட்டார் வால்வு வழியாக நீர் உள்ளே வரும். முழுதாகத் திறந்தால் வினாடிக்கு 10 லிட்டர். கீழே ஒரு பம்ப் நீரை இழுத்து இரண்டு சமையல் வரிசைகளுக்குத் தரும். ஒரு வரிசை ஓடத் தொடங்கினால் வினாடிக்கு 1.5 லிட்டர் கூடுதலாகப் போகும். நீர்மட்டம் 50 சதவீதத்தில் நிற்க வேண்டும். 30 சதவீதத்துக்குக் கீழே போனால் பம்பைக் காக்கும் டிரிப் வேலை செய்து பம்ப் நின்றுவிடும்.

கலம் சிறியது, ஓட்டம் பெரியது. வெளியே போவது நின்று வால்வு முழுதும் திறந்திருந்தால் காலிக் கலம் 30 வினாடியில் நிறைந்துவிடும். இந்த 30 வினாடியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் கணக்கெல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகிறது.

தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியில், மட்டத்தின் பிழையைப் பார்த்து வால்வுக்குக் கட்டளை தரும் பிஐ கன்ட்ரோலரைப் போட வேண்டும். அதன் எண்களை நாங்கள் சிமுலிங்க் என்ற சிமுலேஷன் மென்பொருளில் கட்டிய மாதிரியில் ஓட்டிப் பார்த்து எடுத்தோம். கலத்துக்கு ஓர் இன்டெக்ரேட்டர், அதாவது வரும் நீருக்கும் போகும் நீருக்கும் உள்ள வித்தியாசத்தைத் தொகையிடும் பிளாக். வால்வுக்கு 2 வினாடி கால மாறிலி கொண்ட முதல்படித் தாமதம். இந்த 2 வினாடி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், முந்தைய வேலை ஒன்றில் காற்றழுத்த வால்வுக்குப் போட்ட எண் அது. மாதிரிக் கோப்பை அப்படியே நகலெடுத்திருந்தோம்.

அந்த மாதிரியில் கெயின் (பிழையைப் பெருக்கும் எண்) 3, இன்டெக்ரல் காலம் (சேர்ந்துவரும் பிழையை எவ்வளவு விரைவில் ஈடுகட்டுவது என்ற எண்) 15 வினாடி என்று வைத்தபோது எல்லாம் அழகாக இருந்தது. கட்ட விளிம்பு, அதாவது நிற்காத அலைவு தொடங்கும் முன் இன்னும் எவ்வளவு பின்னடைவைத் தாங்கும் என்ற அளவு, 47 பாகை. இரண்டு வரிசைகளும் ஒரே நேரத்தில் தொடங்கினாலும் நீர்மட்டம் 43 வரை இறங்கித் திரும்பியது. டிரிப் எல்லை 30. தாராளமான இடைவெளி என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்தும் போட்டோம்.

கமிஷனிங் நாளில் கண்டது

ஆலையில் பொருத்தி இயக்கிப் பார்க்கும் கமிஷனிங்கில் முதலில் சிறு சோதனை. நீர்மட்டம் 50-இல் நிலையாக நிற்கும்போது செட்பாயிண்டை (மட்டம் நிற்க வேண்டிய இலக்கை) 1 சதவீதம் ஏற்றினோம், இறக்கினோம். மாதிரியும் கலமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே நடந்தன. அதைப் பார்த்து எங்களுக்கு வந்த நம்பிக்கைதான் அன்றைய முதல் தவறு. சிறு அசைவில் சரியாக இருந்தால் பெரிய அசைவிலும் சரியாக இருக்கும் என்பது நேரியல் அமைப்புக்கு மட்டுமே பொருந்தும்.

பிற்பகலில் இரண்டு வரிசைகளையும் சேர்த்து ஓட்டினார்கள். அப்போது வால்வு 35 சதவீதத்தில் இருந்தது. புதிய தேவைக்கு 65-க்குப் போக வேண்டும். நீர்மட்டம் இறங்கத் தொடங்கியது. 43-இல் நிற்கவில்லை. 36-ஆம் வினாடி வாக்கில் 32-ஐத் தொட்டுத்தான் திரும்பியது. அப்பாடா என்று மூச்சு விட்டோம். ஆனால் திரும்பிய மட்டம் 50-இல் நிற்காமல் 61 வரை ஏறியது, பிறகு மறுபடி இறங்கியது. இந்த இரண்டாம் இறக்கம் முதலாவதை விட ஆழம். 160-ஆம் வினாடி வாக்கில் 30-ஐத் தாண்டியது, பம்ப் நின்றது, இரண்டு வரிசைகளும் நின்றன.

இதற்கிடையில் வால்வுக்குப் பக்கத்தில் நின்ற மூத்த ஃபிட்டர் வாக்கி டாக்கியில் ஒன்று சொன்னார். இறங்கத் தொடங்கி இருபது வினாடிகூட ஆகியிருக்காது.

“சார், ஸ்க்ரீன்ல எவ்வளவுங்க காட்டுது?”

“நூறுங்கண்ணா.”

“இங்க முள்ளு அம்பதுல தானுங்க இருக்குது. மோட்டார் ஓடிட்டே இருக்குது.”

அந்த நேரத்தில் அதை யாரும் காதில் வாங்கவில்லை. டிரிப் ஆன பதற்றத்தில் எல்லோரும் நீர்மட்ட டிரான்ஸ்மிட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த மூன்று நாளில் நாங்கள் கண்டுபிடித்தது முழுவதும் அவர் சொன்ன அந்த ஒற்றை வரிக்குள் இருந்தது.

பதிவைப் படித்தபோது

அன்றிரவு பிஎல்சி டிரெண்டை எடுத்து உட்கார்ந்தோம். வால்வின் இருப்பிடத்தைத் திருப்பிச் சொல்லும் 4–20 மில்லியாம்ப் சிக்னல் பேனல் வரை வந்திருந்தது, ஆனால் திரையில் காட்டுவதற்கு மட்டும் பயன்பட்டது. அதைக் கட்டளைக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்ததும் விஷயம் தெளிந்தது. கட்டளைக் கோடு வளைந்து நெளிந்து ஏறி இறங்கியது. வால்வின் கோடோ மேலே போகும்போது ஒரே சாய்வு, கீழே வரும்போது அதே சாய்வு. அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோன்ற முக்கோணங்கள்.

முதல்படித் தாமதம் முக்கோணம் தராது. தாமதம் உள்ள வால்வு, இடைவெளி பெரிதாக இருந்தால் வேகமாக ஓடும், சிறிதானால் மெதுவாகும். 30 சதவீதம் போக வேண்டுமானாலும் 3 சதவீதம் போக வேண்டுமானாலும் அதற்கு ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகும். மின்மோட்டார் வால்வு அப்படியல்ல. மோட்டாருக்கு ஒரே ஒரு வேகம்தான் உண்டு. பத்து மடங்கு தூரம் என்றால் பத்து மடங்கு நேரம். சிறு அசைவுகளில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்ததால்தான் காலையில் செய்த சோதனை எங்களை ஏமாற்றியது.

முதல் திருத்தம்: தவறான வேக வரம்பு

மாதிரியில் வேக வரம்பைச் சேர்ப்பது என்று முடிவானது. வால்வைத் திருப்பும் மோட்டார் பகுதியான ஆக்சுவேட்டரின் கேட்டலாக்கில் முழு ஓட்ட நேரம் (மூடியிலிருந்து முழுத் திறப்பு வரை) 100 வினாடி என்றிருந்தது. ஆக, வினாடிக்கு 1 சதவீதம்.

இளம் பொறியாளர் ஒருவர் நேராக ஒரு வழி சொன்னார். சிக்னலின் மாற்ற வேகத்தைத்தானே கட்டுப்படுத்த வேண்டும்? சிக்னலை வகையிட்டு மாற்ற வேகத்தை எடுப்போம், சாச்சுரேஷன் பிளாக்கில் கூட்டல் 1, கழித்தல் 1 என்று வெட்டுவோம், பிறகு தொகையிட்டுப் பழைய சிக்னலாக்குவோம். கேட்கும்போது குறையே தெரியாத வழி. இதைப் பலர் செய்வதைப் பார்த்திருக்கிறேன், நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கட்டளை 35-இலிருந்து 65-க்கு ஒரே கணத்தில் தாவுகிறது என்று கொள்வோம். சிமுலேஷன் கணக்கில் ஒரு படி 0.1 வினாடி. அந்த ஒரு படியில் மாற்ற வேகம் வினாடிக்கு 300 சதவீதம். சாச்சுரேஷன் அதை 1 ஆக வெட்டுகிறது. தொகையிட்டால் அந்தப் படியில் வெளியீடு 0.1 சதவீதம் நகர்கிறது. அடுத்த படியில் கட்டளை 65-லேயே நிற்கிறது, மாற்ற வேகம் சுழியம், வெளியீடும் நிற்கிறது. ஆக வெளியீடு 35.1-இல் காலம் முழுவதும் நின்றுவிடும். 65-க்குப் போக வேண்டும் என்ற செய்தி சாச்சுரேஷனில் வெட்டுப்பட்டுத் தொலைந்துபோனது. உண்மையான வால்வு அப்படி மறப்பதில்லை. கட்டளை எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சேரும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும்.

மூடிய லூப்பில் (கன்ட்ரோலர், வால்வு, கலம் மூன்றும் சேர்ந்த பின்னூட்டச் சுற்றில்) இந்தக் குறை வெளியே தெரியவில்லை, அதுதான் ஆபத்து. கன்ட்ரோலரின் இன்டெக்ரல் பகுதி விடுபட்ட மிச்சத்தை ஈடுகட்டிவிட்டது. மாதிரி, நீர்மட்டம் 35 வரை இறங்கும் என்றது, ஒரு சிறு ஏற்றத்துக்குப் பிறகு அடங்கிவிடும் என்றது. இறக்கத்தின் ஆழம் பதிவுக்கு அருகே வந்துவிட்டதால், “பாதி புரிந்துவிட்டது, அலைவுக்கு வேறு காரணம் இருக்கும்” என்று ஒரு நாள் முழுக்க டிரான்ஸ்மிட்டரையும் பம்பையும் சந்தேகித்தோம்.

அலைவு ஏன் வரவில்லை? திசை மாறும் கணத்தைப் பார்க்க வேண்டும். கட்டளை 100 வரை போய் இறங்கத் தொடங்குகிறது, வால்வு 70-இல் இருக்கிறது என்று வையுங்கள். வகையிட்டு வெட்டும் மாதிரியில், கட்டளை இறங்கத் தொடங்கிய அந்தக் கணமே வெளியீடும் இறங்கும். நிஜ வால்வோ கட்டளை இன்னும் தன்னைவிட மேலே இருப்பதால் தொடர்ந்து ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் அது திரும்பும். கன்ட்ரோலர் “போதும், மூடு” என்று சொன்ன பிறகும் வால்வு திறந்துகொண்டே போகும் இந்த நேரம்தான் கட்டப் பின்னடைவு. அலைவுக்கு உயிர் கொடுப்பதும் அதுவே. நாங்கள் போட்ட அமைப்பு அதைத்தான் முற்றாக அழித்திருந்தது.

இரண்டாம் திருத்தம்: பின்னூட்டம் உள்ள வேக வரம்பு

சரியான அமைப்பில் வெளியீடு தன்னையே உள்ளீட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளும். உள்ளீட்டிலிருந்து வெளியீட்டைக் கழி, வரும் பிழையைப் பெரிய கெயினால் பெருக்கு, வேக வரம்பில் வெட்டு, தொகையிடு, அந்தத் தொகைதான் வெளியீடு. பிழை இருக்கும்வரை வெளியீடு நகரும், பிழை தீர்ந்தால் நிற்கும். எதுவும் மறக்கப்படாது.

கெயின் எவ்வளவு என்பதில் கவனம் வேண்டும். கெயின் 10 என்றால் வரம்புக்குள் இருக்கும்போது 0.1 வினாடித் தாமதம் போல நடக்கும். எங்கள் கலத்துக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் நிலையான படி கொண்ட ஆய்லர் சால்வரில் (படிப்படியாகக் கணக்கிடும் எளிய முறையில்) கெயினும் படியும் பெருக்கிய தொகை 1-ஐத் தாண்டினால் வெளியீடு இலக்கின் இருபுறமும் துள்ளும், 2-ஐத் தாண்டினால் அடங்கவே அடங்காது. தொகை சரியாக 1 ஆக இருந்தால் ஒரே படியில் இலக்கை அடையும். சிமுலிங்க்கின் ரேட் லிமிட்டர் பிளாக் நிலையான படியில் செய்வதும் அதுதான்: இப்போதைய உள்ளீட்டிலிருந்து முந்தைய வெளியீட்டைக் கழித்துப் படி நேரத்தால் வகுக்கிறது; அந்த வேகம் வரம்பை மீறினால் வரம்பு வேகத்திலேயே ஒரு படி நகர்கிறது, மீறாவிட்டால் உள்ளீட்டையே வெளியீடாக்குகிறது. கையால் கட்டிய அமைப்பும் அந்தப் பிளாக்கும் ஒரே கோட்டைத் தந்தன. கடைசியில் பிளாக்கையே வைத்துக்கொண்டோம், அடுத்தவர் திறந்து பார்த்தால் உடனே புரியும் என்பதற்காக.

பிளாக்கை இழுத்துப் போட்டதும் மூன்று இடங்களில் இடறினோம்.

பிளாக்கின் இயல்பான வரம்புகள் கூட்டல் 1, கழித்தல் 1. எங்கள் மாதிரியில் வால்வு சிக்னல் 0-இலிருந்து 1 வரை ஓடியது, சதவீதத்தில் அல்ல. முதல் ஓட்டத்தில் வரம்பு இருப்பதே தெரியவில்லை, ஏனென்றால் முழு ஓட்டத்துக்கு 1 வினாடி என்று ஆகியிருந்தது. 0.01 என்று மாற்ற வேண்டியிருந்தது.

அடுத்தது தொடக்க மதிப்பு. இயல்பில் அது சுழியம். எங்கள் வால்வோ 35 சதவீதத்தில் தொடங்க வேண்டும். சிமுலேஷன் தொடங்கியதும் வால்வு சுழியத்திலிருந்து 35 வரை ஏறிக்கொண்டிருந்தது, அதற்குள் நீர்மட்டம் சரிந்தது. அந்தச் சரிவைத் தொந்தரவின் (வரிசைகள் தொடங்குவதால் கூடும் நீர்த் தேவையின்) விளைவு என்று நினைத்து அரைமணி நேரம் விவாதித்தோம்.

மூன்றாவதுதான் எனக்கு இன்றும் உறைக்கிறது. வேக வரம்பைச் சேர்த்த பிறகு லீனியரைசேஷன் (மாதிரியைச் சிறு அசைவுக்கு நேரியலாக்கும் கணக்கு) ஓட்டிக் கட்ட விளிம்பைப் பார்த்தோம். அதே 47 பாகை. ஒரு பாகைகூடக் குறையவில்லை. ரேட் லிமிட்டர் பிளாக்கில், லீனியரைஸ் செய்யும்போது அதைக் கெயின் 1 ஆகக் கொள்ளும் தேர்வு இயல்பாகவே போடப்பட்டிருக்கும். அது பிழையல்ல, மிகச் சிறிய அசைவுக்கு அந்தப் பிளாக் உண்மையிலேயே 1 தான். ஆனால் நேரியல் கணக்கிலிருந்து வரும் போடே (Bode) அதிர்வெண் வரைபடத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவருக்கு வேக வரம்பு அங்கே இல்லவே இல்லை.

பெரிய அசைவுக்கு வேறு கணக்கு வேண்டும். சைன் அலை ஒன்றின் உச்ச வேகம் என்பது அதன் வீச்சும் கோண அதிர்வெண்ணும் பெருக்கிய தொகை. அது வேக வரம்பைத் தாண்டும் இடத்திலிருந்து வெட்டு தொடங்கும். எங்கள் லூப்பின் குறுக்கு அதிர்வெண் (லூப்பின் மொத்தக் கெயின் 1 ஆகும் இடம்) வினாடிக்கு 0.113 ரேடியன். வரம்பு 1 சதவீதம் என்றால், வால்வு 8.8 சதவீத வீச்சுக்கு மேல் ஆடினாலே வெட்டு விழும். உச்ச வேகம் வரம்பைப் போல 1.862 மடங்கை எட்டினால் வெளியீடு முழு முக்கோணமாகிவிடும். அதற்கு மேல் பின்னடைவு 90 பாகையை நோக்கிப் போகும். நாங்கள் 30 சதவீதம் ஆட்டிக்கொண்டிருந்தோம். 47 பாகை விளிம்பு இதில் எந்த மூலைக்கு?

இந்த இடத்தில் விமானத் துறையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1989 பிப்ரவரியில் லிங்ஷோப்பிங்கிலும் 1993 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோமிலும் ஸ்வீடனின் கிரிபன் போர்விமானங்கள் விழுந்ததிலும், 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் எட்வர்ட்ஸ் விமானதளத்தில் ஒய்எஃப்-22 போர்விமான முன்மாதிரி தரையில் மோதியதிலும், கட்டுப்பாட்டுப் பரப்புகளின் வேக வரம்பும் விமானியின் பெரிய அசைவுகளும் சேர்ந்து உண்டாக்கிய அலைவுக்குப் பங்கு உண்டு. எங்கள் கலத்தில் நின்றது ஒரு பம்ப்தான். ஆனால் இயக்கவியல் ஒன்றே.

100 வினாடியா, 120 வினாடியா

திருத்திய மாதிரியில் அலைவு வந்தது. நிற்காமல் வந்தது. ஆனாலும் ஒரு முரண் மிஞ்சியது. மாதிரியில் முதல் இறக்கம் 35 வரை, இரண்டாம் இறக்கமும் ஏறக்குறைய அதே ஆழம். ஆலையிலோ முதல் இறக்கம் 32 வரை, இரண்டாவது 30-க்கும் கீழே. மாதிரியின்படி டிரிப் வந்திருக்கவே கூடாது.

குழுவில் சிலர், 3 சதவீத வித்தியாசம்தானே, அளவீட்டுப் பிழை என்று விடலாம் என்றார்கள். விட வேண்டாம் என்று முடிவு செய்ததற்கு ஒரே காரணம்: முதல் இறக்கத்தின் ஆழத்துக்கு எளிய சூத்திரம் இருந்தது. வால்வு ஒரே வேகத்தில் ஓடி இடைவெளியை நிரப்பும்வரை இழக்கும் நீர் ஒரு முக்கோணத்தின் பரப்பு. தொந்தரவின் அளவை அதனாலேயே பெருக்கி, வேக வரம்பின் இருமடங்கால் வகுத்து, கலம் நிறையும் 30 வினாடியாலும் வகுத்தால் இறக்கம் வரும். தொந்தரவு 30, வேகம் 1 என்றால் 15 சதவீதம். ஆலையில் 18. கன்ட்ரோலரின் எண்கள் இந்தச் சூத்திரத்தில் வருவதே இல்லை. ஆக தவறு வேகத்தில்தான் இருக்க வேண்டும். 18 வர வேண்டுமானால் வேகம் வினாடிக்கு 0.833. அதாவது முழு ஓட்டம் 120 வினாடி.

மறுநாள் காலை அதே ஃபிட்டரோடு வால்வின் பக்கத்தில் உட்கார்ந்தேன். முள்ளுக்கு அடியில் இருந்த தட்டில் வெள்ளை டேப் ஒட்டி 0, 50, 100 என்று பேனாவால் கோடு போட்டார். ஆளுக்கொரு ஸ்டாப்வாட்ச். மூடியிலிருந்து திறப்பு வரை 120, திறப்பிலிருந்து மூடி வரை 119. மறுபடி செய்தோம். அதே எண்கள். பிறகு அவர் ஆக்சுவேட்டரின் மூடியைத் துணியால் துடைத்துப் பெயர்ப்பலகையைக் காட்டினார். 100 வினாடி, 60 ஹெர்ட்ஸ். அடுத்த வரியில் 120 வினாடி, 50 ஹெர்ட்ஸ்.

ஏசி மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு போகும். 60 ஹெர்ட்ஸில் 100 வினாடி என்றால் நம் நாட்டின் 50 ஹெர்ட்ஸில் 120 வினாடி. கேட்டலாக்கின் முதல் பத்தியில் இருந்ததை மட்டும் எடுத்து எழுதியிருந்தோம்.

0.00833 என்று மாற்றி ஓட்டினோம். முதல் இறக்கம் 32. ஏற்றம் 61-62. இரண்டாம் இறக்கம் 27-க்குப் பக்கம், 160-ஆம் வினாடிக்குச் சற்று முன்பே 30-ஐத் தாண்டுகிறது. இரண்டாவது ஏன் அதிக ஆழம் என்பதும் அப்போது தெரிந்தது: மட்டம் உயர்ந்திருக்கும்போது கன்ட்ரோலர் கட்டளையைச் சுழியம் வரை இறக்கிவிடுகிறது, அங்கிருந்து அது திரும்பி வருவதற்குள் வால்வு புதிய தேவையை விட 30 சதவீதம் கீழே போய்விடுகிறது. 20 சதவீத வேக வித்தியாசம், தப்பிப்பதற்கும் டிரிப் ஆவதற்கும் நடுவே நின்றிருக்கிறது.

மாதிரியில் இன்னொரு கேள்வி

ஃபிட்டர் சொன்னதுபோல இந்த மோட்டார் ஒன்று ஓடும், இல்லை நிற்கும். அப்படியானால் பிழையின் குறியை மட்டும் எடுத்து வேகத்தால் பெருக்கினால் போதாதா என்று பார்த்தோம். மாறும் படி சால்வரில் வெளியீடு இலக்கை அடைந்ததும் குறி மேலும் கீழும் புரண்டுகொண்டே இருந்தது. ஒவ்வொரு புரளலையும் சால்வர் பிடிக்க முயன்று, தொடர்ந்து 1000 சுழிக்கடப்பு (குறி மாறும் கணம்) என்ற எல்லையில் பிழைச் செய்தியோடு நின்றது. வால்வைக் கட்டளை சொன்ன இடத்தில் நிறுத்தும் நிஜப் பொசிஷனரில் ஒரு சிறு செயலற்ற இடைவெளி உண்டு. அதற்குள் மோட்டார் நகராது. அந்த இடைவெளியைச் சேர்த்ததும் ஓடியது. பெரிய அசைவுகளில் ரேட் லிமிட்டரோடு ஒப்பிட்டால் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இல்லை. எளியதையே வைத்துக்கொண்டோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வேகமான ஆக்சுவேட்டர் வாங்குவது முதல் யோசனை. அந்தப் பகுதிக்குக் காற்றழுத்த லைன் இல்லை. வேகமான மின் ஆக்சுவேட்டருக்கு ஆர்டர் போட்டால் வந்துசேரும்வரை ஆலை காத்திருக்க முடியாது. அதை அடுத்த நிறுத்தத்துக்கு ஒத்திவைத்தோம்.

கெயினைக் குறைப்பது மட்டும் போதுமா? வால்வின் வேக வரம்பைத் தொடாமல் 30 சதவீதத் தொந்தரவைத் தாங்க வேண்டுமானால், கட்டளையின் தொடக்க வேகம் 0.833-க்குள் இருக்க வேண்டும். கெயின் 0.83-க்கு மேல் போகக் கூடாது. மாதிரியில் அதை 0.8 என்றும் இன்டெக்ரல் காலத்தை 150 வினாடி என்றும் வைத்தபோது அலைவு இல்லை, ஆனால் இறக்கமே 27 சதவீதத்தைத் தாண்டியது. 50-இலிருந்து 22-க்கு. அலைவைத் தீர்த்து டிரிப்பை வாங்குவது.

இங்கேதான் அந்தச் சூத்திரம் வழிகாட்டியது. இறக்கம் தொந்தரவின் வர்க்கத்தோடு போகிறது. தொந்தரவைப் பாதியாக்கினால் வேக வரம்பால் வரும் இறக்கம் 18-இலிருந்து 4.5 ஆகும். ஆகவே கன்ட்ரோலரை விட முக்கியமான மருந்து, இரண்டு வரிசைகளும் ஒரே நேரத்தில் தொடங்காமல் பார்த்துக்கொள்வது. பிஎல்சியில் இரண்டு நிமிட இடைவெளி கட்டாயமாக்கினோம். உற்பத்திப் பிரிவு முதலில் முகம் சுளித்தது. பம்ப் நின்றால் போகும் நேரத்தைச் சொன்னதும் ஒத்துக்கொண்டார்கள்.

ஒரு வரிசைக்கு 15 சதவீதம் என்றால் கெயின் 1.67 வரை போகலாம். 1.5 என்றும் 60 வினாடி என்றும் வைத்தோம். கட்டளையின் தொடக்க வேகம் 0.75, வரம்புக்கு உள்ளேதான்.

பேனல் வரை வந்து சும்மா கிடந்த இருப்பிடச் சிக்னலுக்கும் வேலை கொடுத்தோம். கட்டளைக்கும் வால்வுக்கும் இடைவெளி 3 சதவீதத்தைத் தாண்டினால், அந்த இடைவெளியை மேலும் பெரிதாக்கும் திசையில் இன்டெக்ரல் சேராது. பழைய அமைப்பில் கட்டளை 0-ஐயோ 100-ஐயோ தொட்டால் மட்டுமே இன்டெக்ரல் நிற்கும். அதற்கு முன்பே வால்வு பின்தங்கிவிட்டது என்பது கன்ட்ரோலருக்குத் தெரியாமல் இருந்தது. கடைசியாக, செட்பாயிண்டை 50-இலிருந்து 55 ஆக உயர்த்தினோம்.

தொடர்ந்து நடந்தது

ஒற்றை வரிசை தொடங்கியபோது மாதிரி 48 வரை இறங்கும் என்றது, ஆலையில் 47. இடைவெளிக் கட்டுப்பாட்டைத் தற்காலிகமாக நீக்கி இரண்டையும் ஒன்றாகத் தொடங்கிப் பார்த்தோம். மாதிரி 37, ஆலை 36. ஒரே இறக்கம், ஒரு மெல்லிய ஏற்றம், பிறகு அமைதி. ஃபிட்டர் வால்வின் பக்கத்திலேயே நின்று முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை ஸ்க்ரீனில் என்ன காட்டுகிறது என்று அவர் கேட்கவில்லை; நாங்கள்தான் முள் எங்கே இருக்கிறது என்று அவரைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

எங்கள் வேலைமுறையில் மாறியவை

ஆக்சுவேட்டர் உள்ள எந்த மாதிரியும் இப்போது ஓட்ட நேரம் என்ற எண் இல்லாமல் தொடங்குவதில்லை, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அது கேட்டலாக்கா, பெயர்ப்பலகையா, ஸ்டாப்வாட்சா என்று எழுதியிருக்க வேண்டும். வேக வரம்பு பிளாக்கின் தொடக்க மதிப்பு வால்வின் தொடக்க இருப்பிடத்தோடு ஒரே மாறியில் கட்டப்பட்டிருக்கிறது. கட்ட விளிம்பை அறிக்கையில் எழுதும்போது, எந்த வீச்சு வரை அது செல்லும் என்பதையும், வேக வரம்பைக் குறுக்கு அதிர்வெண்ணால் வகுத்து, அடுத்த வரியிலேயே எழுதுகிறோம். இந்தக் கலத்துக்கு அந்த எண் 7.4 சதவீதமாக இருந்திருக்கும். முதல் அறிக்கையில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் 30 சதவீதச் சோதனையை அந்த எண்களோடு நாங்கள் தொடங்கியிருக்கவே மாட்டோம்.

கமிஷனிங் சோதனைப் பட்டியலில் சிறு அசைவுக்குப் பிறகு பெரிய அசைவு ஒன்றும் கட்டாயம், டிரிப் எல்லைக்குப் போதுமான இடைவெளி வைத்து. கட்டளைக் கோடும் வால்வின் கோடும் ஒரே திரையில், ஒரே அளவுகோலில் காட்டப்படுகின்றன. வேகமான ஆக்சுவேட்டர் அடுத்த நிறுத்தத்தில் வர இருக்கிறது. வந்ததும் முதல் வேலை, வெள்ளை டேப்பும் ஸ்டாப்வாட்சும்.